முத்தும் பந்தும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் விலங்கியல் மாணவி)

கொற்கை என்று சொன்னவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது முத்து. சங்கப் புலவர்கள் பாடிய துறை, பாண்டியரின் பழந்துறைமுகம், தாலமி தம் நூலில் குறித்து வைத்த ஊர் என்றெல்லாம் நம் ஊர்ப் பெருமையைப் பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடல் இன்று பல கல் தொலைவு விலகிப் போய்விட்டது. வன்னி மரமும் குளமும் பனங்காடும் எஞ்சி நிற்கின்றன. ஆனாலும் முத்துப் பேச்சு மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

நான் எழுத வந்தது முத்தைப் பற்றி அல்ல, பந்தைப் பற்றி. அதிலும் பெண்கள் உதைக்கும் பந்தைப் பற்றி. கேட்டவுடன் சிரிப்பு வருகிறதா? சிரித்துவிட்டு மேலே படியுங்கள். முத்தை விட்டுவிட்டு இதை எழுத என்னால் முடியவில்லை என்பதும் போகப் போகத் தெரியும்.

பழைய முத்துக்குளிப்பைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியிலிருந்து கயிறு அசைந்தால் அக்கணமே இழுத்துவிட வேண்டும். சற்றுக் கண் அசந்தாலும் கீழே இருப்பவர் கதை முடிந்தது. ஆகவே கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்களாம். தன் உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்று அவன்தான் கண் இமைக்காமல் நிற்பானாம். குளித்தவர் பெயரும் எடுத்த முத்தின் விலையும் ஊரெல்லாம் பேசப்படும். கயிறு பிடித்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு கால்பந்து வீராங்கனையின் கிளப் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கயிறு என் நினைவுக்கு வந்தது.

ஒரு சென்டர் பார்வர்டின் கதை

அவர் பெயர் நாங்காங்கோம் பாலாதேவி. மணிப்பூர் மாநிலம் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் 1990ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பந்து ஆடியவர். ஆடும் இடம் முன்களம். நம் ஊர் வழக்கில் சொன்னால் சென்டர் பார்வர்டு. இந்தியாவுக்காக மிக அதிகமான கோல்கள் அடித்த பெண் அவர்தான். 2024 அக்டோபரில் காத்மாண்டு நகரில் பாகிஸ்தான் அணிக்கு எதிராக ஆடியபோது தம் 50ஆவது சர்வதேசக் கோலை அடித்தார். அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 34.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரி எந்தக் கிளப்பில் ஆடினார்? இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவருடைய இருபதுகளின் பெரும்பகுதியில் இந்தியாவில் பெண்களுக்கென ஒரு தேசிய லீக் கிடையாது. மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி வரும், போகும். மீதி நாளெல்லாம் மணிப்பூர் காவல்துறையில் வேலை. காவல்துறை அணியில் ஆட்டம். இடையில் மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கிளப்புக்காகவும் ஆடினார். நம் தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் சரக்கு போகிற அதே மாலத்தீவுதான்! அந்தச் சின்னஞ்சிறு தீவு நாட்டுக்குப் போய்த்தான் இந்தியாவின் முதல்தரமான ஆட்டக்காரி ஒரு கிளப்பின் சட்டையை அணிய வேண்டியிருந்தது.

இந்தியப் பெண்கள் லீக்கின் முதல் பருவத்து இறுதிச்சுற்று 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டெல்லியில் நடந்தது. அப்போது பாலாதேவிக்கு ஏறக்குறைய 27 வயது. ஆண் ஆட்டக்காரர் ஒருவர் 17 வயதில் ஏறுகிற படியை, இவர் பத்தாண்டு கழித்து ஏறினார்.

அதன் பின் நடந்ததைக் கேளுங்கள். 2019 மே மாதம் லூதியானாவில் மூன்றாவது பருவம் நடந்தது. மணிப்பூர் போலீஸ் அணிக்காக ஆடிய பாலாதேவி 26 கோல்கள் அடித்தார். எத்தனை ஆட்டத்தில் என்கிறீர்கள்? 5 லீக் ஆட்டம், ஓர் அரையிறுதி, ஓர் இறுதி. மொத்தம் 7 ஆட்டம்! ஓர் ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேலே. இப்படிப்பட்டவர் கையில் கோப்பை இருந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மே 22ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் அணி 1-3 என்று தோற்றுப் போனது.

தோற்கடித்தது யார் தெரியுமா? மதுரையைச் சேர்ந்த சேது எப்.சி. ஆம், நம் மதுரைதான். நம் வகுப்பில் உள்ளவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். மதுரையில் இருந்து ஒரு பெண்கள் அணி இந்தியாவின் கோப்பையை எடுத்து வந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐ.பி.எல். அணிகளின் பதினோரு பேரையும் ஒப்பிப்பவர்கள்தாம் இவர்கள்! நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது.

தோற்ற அணியின் முன்கள வீராங்கனையைத் தேடித்தான் வெளிநாட்டு வாய்ப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரைத் தேர்வுக்கு அழைத்தது. 2020 ஜனவரி இறுதியில், 30 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, பதினெட்டு மாத ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரோப்பியக் கிளப் ஒன்றுடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவர். 10ஆம் எண் சட்டை கொடுத்தார்கள். போன சில வாரங்களிலேயே கொரோனா வந்து உலகத்து மைதானங்களையெல்லாம் பூட்டியது. தெரியாத நாடு, தெரியாத மொழி, குளிர், தனிமை. அவ்வாண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரியாக இறங்கி ஒரு கோல் அடித்தார். அவர் அணி 9-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அது பத்தோடு பதினொன்று போலத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவின் உயர்நிலைத் தொழில்முறை லீக்கில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த கோல் அது. மறு ஆண்டே முழங்காலில் பெருங்காயம். அதிலிருந்தும் மீண்டுதான் காத்மாண்டுவில் 50ஆவது கோலை அடித்தார்.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, திறமை இருந்தால் எப்படியும் மேலே வரலாம்' என்று நீதி சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு திறமை இருந்தும் 30 வயது ஆயிற்றே என்றுதான் தோன்றுகிறது. 20 வயதில் அந்த ஒப்பந்தம் வந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார்? அவருக்கு முன்னும் பின்னும் அதே ஊர்களில் ஆடி, 30 வயது வரை காத்திருக்க முடியாமல் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? கரையில் வைக்கப்பட்ட முத்தை எண்ணலாம். கடலடியில் விடப்பட்டதை யார் எண்ணுவது?

குறை எங்கே?

குறை காலிலா, களத்திலா? என் கருத்தில் குறை நாள்காட்டியில் இருக்கிறது.

2019இல் பெண்கள் லீக் முழுவதும் மூன்று வாரத்துக்குள், ஒரே ஊரில் நடந்து முடிந்தது. சாம்பியன் அணிக்கே ஆண்டுக்கு 7 ஆட்டம்தான். அதே பருவத்தில் ஆண்களின் ஐ-லீக்கில் 11 அணிகள். கடைசி இடத்தில் வந்த அணிக்கும் 20 ஆட்டம் உண்டு. மூன்று வார லீக்குக்காக எந்த கிளப் ஓர் ஆட்டக்காரிக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்கும்? சம்பளம் இல்லாதபோது எந்த வீட்டில் மகளை ஆட விடுவார்கள்? ஆட விடாதபோது அணிக்கு ஆள் எங்கிருந்து வரும்? ஆள் இல்லை என்று சொல்லி லீக்கைச் சுருக்குகிறார்கள். லீக் சுருங்கியதால் ஆள் வருவதில்லை. செக்கு மாடு சுற்றுவதுபோல் இது சுற்றிச் சுற்றி வருகிறது.

சுற்று உடையவே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2023-24 பருவத்தில் முதன்முறையாக, சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறையில் லீக் நடந்தது. 7 அணிகள், அணிக்கு 12 ஆட்டம். மறு பருவத்தில் 8 அணிகள். அணிக்கு 14 ஆட்டம். 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேர்வு பெற்றார்கள். ஆட்டம் கூடியதால்தான் வென்றார்கள் என்று அடித்துச் சொல்ல நான் நிபுணர் அல்ல. ஆனால் ஆடாமல் எவரும் ஆடக் கற்றதில்லை என்பதற்கு நிபுணர் தேவையில்லை.

நம் தமிழ்நாட்டின் நிலை என்ன? நமக்கு வெட்கப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. 2018இல் கட்டாக் நகரில் மணிப்பூரையே 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அதே கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன் முன்கள ஆட்டக்காரி. அரசு இல்லத்தில் தங்கிப் படித்து வளர்ந்தவர். கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பனிடம் ஆட்டம் பழகி, சேது அணியில் ஆடி, பிறகு கேரளத்தின் கோகுலம் அணிக்குப் போய், இந்திய அணியிலும் இடம் பெற்றவர்.

ஒரு மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? கடலூர்த் தண்ணீரில் ஏதாவது விசேஷம் உண்டா? ஒன்றும் இல்லை. அங்கே ஒரு மைதானம் இருந்தது. தினமும் வந்து நிற்கிற ஒரு பயிற்சியாளர் இருந்தார். தங்க ஓர் இடம் இருந்தது. பிறகு அரசு வேலை என்ற கதவு திறந்தது. அவ்வளவுதான். இந்த நாலும்தான் கயிறு.

கயிறு மேலிருந்து விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கோகுலம் பெண்கள் அணி ஆசியக் கிளப் போட்டியில் ஆட உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டு நகருக்குப் போய் இறங்கியது. அதே வேளையில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகத் தகராறுக்காக உலக அமைப்பான பிபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. தகராறு செய்தவர்கள் இங்கே வீட்டில் இருந்தார்கள். ஒரு தவறும் செய்யாத பெண்கள் அங்கே விடுதி அறையில் காத்துக் கிடந்து, ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பி வந்தார்கள். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் தடை நீங்கிவிட்டது. ஆனால் போட்டி போனது போனதுதான்.

சொல்லப்படும் தடைகள்

பெண்கள் கால்பந்து என்றவுடன் நம்மவர்கள் மூன்று தடைகளைச் சொல்வார்கள்.

முதலாவது, 'யார் வந்து பார்ப்பார்கள்?' என்பது. 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மறுநாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்று சொல்லி, தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கவனியுங்கள்: ஆடக் கூடாது என்று சொல்லவில்லை, மைதானம் கொடுக்காதே என்றுதான் சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயிற்று. 2022இல் பார்சிலோனாவில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 91,000 பேருக்கு மேல் வந்தார்கள். பார்ப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். இடையில் மைதானத்தின் கதவுதான் மூடியிருந்தது.

இரண்டாவது, 'கல்யாணம் ஆனால் முடிந்தது' என்பது. 2021 முதல் பிபாவின் விதிப்படி கிளப் ஆட்டக்காரிக்குக் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அக்காலத்தில் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கொடுக்க வேண்டும். குழந்தை பெற்ற பிறகு உலகக் கோப்பையில் ஆடியவர்கள் உண்டு. கல்யாணம் ஆட்டத்தை முடிப்பதில்லை. கல்யாணத்தோடு ஆட்டம் முடிய வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம்.

மூன்றாவது தடை, 'படிப்புக் கெட்டுப் போகும்' என்பது. இதை மட்டும் நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். காரணம், இதை நானே சொன்னவள்.

நான் விட்ட கயிறு

பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் பெண்கள் சிலர் பந்து ஆடிக்கொண்டிருந்தோம். முறையான அணி ஒன்றும் அல்ல. பையன்கள் ஆடி முடித்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம். விடுமுறையில், குளம் வற்றிய மாதங்களில், குளத்து மண்ணில் ஆட்டம். நான் கோல் காப்பேன். உயரமாக இருந்ததால் நிறுத்தினார்கள், திறமையால் அல்ல. என் தோழி ஒருத்தி இருந்தாள். பெயர் எழுத அவள் சம்மதிக்கவில்லை. இடது கால்காரி. அவள் உதைத்தால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று இரண்டு ஆண்டு எதிரே நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. பையன்களே, 'அவளை எங்க பக்கம் விடு' என்று சண்டை போடுவார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல!

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும், மேல் வகுப்புப் பெண்கள் மாலையில் மைதானத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை, பாதுகாப்பு என்று இரண்டு காரணம் சொன்னார்கள். என் தோழி விடவில்லை. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, நீயும் வா. பெரிய டீச்சர்ட்ட போய்க் கேப்போம். நாம ரெண்டு பேரும் போய் நின்னா ஒருவேளை விடுவாங்க."

நான் போகவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப் போகிற முதல் ஆள் நான். மதிப்பெண் குறைந்துவிடுமோ, டீச்சரின் கண்ணில் கெட்ட பெயர் விழுமோ என்ற பயம். "படிப்பு கெட்டுப் போவும்ளா, நமக்கெதுக்கு இது" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். தனியாகவே போய்க் கேட்டிருக்கிறாள். தனியாக ஒருத்தி கேட்டால் என்ன பதில் வருமோ அதுதான் வந்தது.

பந்து போன பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இப்போது இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் நான் ஏரலுக்குப் பேருந்து ஏறும் நேரத்தில் சில நாட்களில் கம்பெனி வேனுக்காக நிற்பாள். சிரிப்பாள். பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்திருக்கும்.

படிப்புக் கெடும் என்று சொன்னேன் அல்லவா? ஆட்டத்தை நிறுத்தியதால்தான் அவள் படிப்பு கெட்டது. அவளைப் பள்ளிக்கூடத்தில் கட்டி வைத்திருந்த கயிறே அந்த அரை மணி நேரப் பந்துதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவள் பாலாதேவி ஆகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் சிப்பி எடுத்தாலும் நல்ல முத்து சிலதான். ஆனால் சிப்பியைத் திறந்து பார்க்காமலே கடலில் எறிந்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும்

விலங்கியல் மாணவி என்ற உரிமையில் ஒரு செய்தி. நம் கடலில் முத்துச் சிப்பி சில ஆண்டுகள் நிறையப் படியும். பிறகு பல ஆண்டுகள் காணாமலே போகும். காரணம் தெரியாமல் நம் முன்னோர் காத்திருந்தார்கள். 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு எதுவும் நடக்கவில்லை. ஆனால் 1973இல் தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும் இந்தியாவில் முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பியைத் திறந்து, ஒரு சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் திசுத் துண்டையும் உள்ளே வைத்து, கூண்டில் இட்டு, மிதவையிலிருந்து கடலில் தொங்கவிட்டு, அழுக்குப் படியாமல் துடைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த முத்து அது. அதிருஷ்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், முறையாகப் பாடுபட்டால் போதும் என்று உலகுக்குக் காட்டிய ஊர்களில் நம் ஊரும் ஒன்று.

இந்தியப் பெண்கள் கால்பந்து இன்னும் பெரும்பாலும் இயற்கை முத்தை நம்பித்தான் இருக்கிறது. எங்கோ ஒரு கிராமத்தில், எல்லாத் தடையையும் தாண்டி ஒருத்தி தானாக வருவாள்; வந்ததும் மாலை போட்டு வரவேற்போம். இது விளையாட்டு வளர்ச்சி ஆகாது. பஞ்சாபைச் சேர்ந்த மணிஷா கல்யாண், 2022 ஆகஸ்டில் சைப்ரஸ் நாட்டு அப்போலோன் கிளப்புக்காக ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். அப்போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண். அப்போது அவருக்கு வயது 20. என் வயது, என் தோழியின் வயது. பாலாதேவிக்கு 30 வயதில் திறந்த கதவு, இவருக்குப் பத்தாண்டு முன்னதாகத் திறந்திருக்கிறது. இடையில் லீக் என்ற ஒன்று வந்துவிட்டதுதான் முக்கியமான வேறுபாடு என்பது என் கருத்து.

நாம் செய்யக் கூடியது

டெல்லியில் உள்ளவர்கள் செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுவது எளிது. நம் கல்லூரி மலரை டெல்லியில் யாரும் படிக்கப் போவதில்லை. நம் முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் படிப்பார்கள். ஆகவே அவர்களுக்கே என் விண்ணப்பம்.

காயல்பட்டினத்தில் மௌலானா ஆசாத் நினைவுக் கோப்பைக்காக அகில இந்திய அணிகள் வந்து ஆடிய மண் இது. கடற்கரை ஊர்களில் மாலையானால் பந்து உருளாத மணல் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் உள்ள நம் கல்லூரியில் ஆண்களுக்குக் கால்பந்து அணி உண்டு. பெண்களுக்குக் கோகோவும் வளையப்பந்தும்தான். மாணவிகள்தாம் இங்கே பாதிக்கு மேல்!

நான் அரங்கம் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளி இரு நாட்களிலாவது காலை ஒரு மணி நேரம் மைதானம் பெண்களுக்கென்று இருக்கட்டும். மாலை வேண்டாம், மாலையில் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது, மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள். உடை மாற்ற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். இரண்டு பந்து வேண்டும். பதினொருவர் சேரும் வரை எழுவர் ஆட்டம் ஆடலாம். ஆண்டு விளையாட்டு விழாவில் ஓர் ஆட்டம். பக்கத்துக் கல்லூரியை அழைத்து ஓர் ஆட்டம். தோற்போம். முதல் ஆண்டு மோசமாகவே தோற்போம். அதனால் என்ன? நம் ஆண்கள் அணி தோற்றதே இல்லையா?

மாணவ நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாங்கள் ஆடும்போது வேலியோரம் நின்று சிரிக்காதீர்கள். சிரித்தே ஆக வேண்டும் என்றால் கோல் விழும்போது கைதட்டிவிட்டுச் சிரியுங்கள்.

மாணவிகளிடம் நான் வேண்டுவது இன்னும் சிறியது. ஒருத்தி வந்து 'வா, போய்க் கேட்போம்' என்று கூப்பிட்டால், போங்கள். ஆட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். இரண்டு பேர் நின்று கேட்பதற்கும் ஒருத்தி நின்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அறிந்த விதம் உங்களுக்கு வேண்டாம்.

இந்தக் கட்டுரையை எழுதிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை என் தோழியின் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். இறால் கம்பெனிப் பகுதி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில், "உங்க காலேஜில டீம் வந்தா, ஞாயித்துக்கிழமை வெளியாள் வந்து சொல்லிக் குடுக்க விடுவாங்களா?" என்று கேட்டாள்.

முதல்வர் அவர்களே, அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்? இம்முறை நான் அவளோடு வந்து நிற்கிறேன்.